டேலியாவுக்குக் குடை பிடித்தவர்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. தூரமாக உட்கார்ந்தால் பாதிக் கதை காதுக்கு வராது. வராத பாதியில்தான் சங்கதி இருக்கும். சத்தமாகவும் சொல்ல முடியாது. இது நம்ம முடிச்சூர் ரோட்டுப் பக்கத்தில் நடந்த கதை. ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

ஆள் பேர் சவுரிமுத்து. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஆயுசு பூராவும் லேத்து ஓட்டி ரிட்டையர் ஆனவர். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைவார். வார்த்தையைக் கடையத்தான் வராது. கல்யாணமான புதிதில் வீட்டில் ஒரே ஒருமுறை "வேணாம்" என்று சொல்லிப் பார்த்தார். அவர் பெண்சாதி அம்மணி, "இன்னா?" என்று திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வார்த்தை அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறைமலை நகர் போக வேண்டும். அங்கே அம்மணியின் தம்பி ஜெபகுமார் வீடு. குடில் கட்டுவதற்குப் போனால், புதுவருஷப் பூசை பார்த்துவிட்டுத்தான் திரும்புவது. ஜெபகுமார் ஒரு கார் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பையன். குடி இல்லை, பீடி இல்லை. பேச்சு ஒன்றுதான்.

"மச்சான், இந்த டைல்ஸ் எங்க வாங்கினதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"போன வருசமே சொன்னியே மச்சான்."

"எங்கன்னு சொன்னேன். எப்படி வாங்கினேன்னு சொல்லலியே!"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறி ஆடை கட்டிவிடும். அப்புறம் மாடிப்படிக் கைப்பிடி. அப்புறம் தண்ணீர்த் தொட்டி. அதெல்லாம் தீர்ந்தால் கம்பெனி.

"நீங்கல்லாம் கையால கடைஞ்ச காலம் மச்சான். இப்போல்லாம் ரோபோ. நீங்க ஒரு நாள் பூரா செய்யறத, அது ஏப்பம் வுடறதுக்குள்ள செஞ்சுடும்."

"ரோபோ ஏப்பம் வுடுமா மச்சான்?"

"பேச்சுக்குச் சொன்னேன் மச்சான்."

எல்லாத்துக்கும் சவுரிமுத்து தலையாட்ட வேண்டும். ஆட்டி ஆட்டி, வீடு திரும்பினால் பொங்கல் வரைக்கும் கழுத்துச் சுளுக்கு. தப்பிக்கப் பார்க்காமலும் இல்லை. ஒரு வருஷம் முட்டி வலி என்றார். அம்மணி தைல பாட்டிலையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். இன்னொரு வருஷம் காய்ச்சல் என்றார். "அங்க ஆஸ்பத்திரி கிட்டக்கவே கீது," என்று ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

போன அக்டோபரில் ஒரு காலை. பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, வாய் நிறைய நுரையோடு சவுரிமுத்து சபதம் செய்தார்: இந்த வருஷம் போவதில்லை. நுரை இருந்ததால் வெளியே கேட்கவில்லை. அது ஒரு நல்ல காரியம்.

அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனார். மிக்சி ஜாடிக்கு மூடி வாங்கி வரச் சொல்லியிருந்தாள் அம்மணி. மூடிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா செடி விற்றுக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட ஒருத்தர் அவளிடம் கேட்கிறார்: "ஊருக்குப் போற வேலை இருக்கும்மா. நாலு நாள் பாக்கலைன்னா பரவாயில்லையா?"

"அய்ய, அப்போ இத்தத் தொடாத சார். ரோசா எடுத்துக்கோ. இது டேலியா. பச்சப் புள்ளயாட்டம். தண்ணி ஜாஸ்தியானா அழுவிடும், கம்மியானா வாடிடும். பக்கத்துலயே குந்திக்கினு பாக்கணும். கிறிஸ்மஸ்ஸுக்குப் பூக்கும், அப்போ வூட்ட வுட்டு நவுரவே கூடாது."

கண்ணாடிக்காரர் ரோசா எடுத்துக்கொண்டு போனார். சவுரிமுத்து நாலு டேலியா எடுத்துக்கொண்டு வந்தார்.

"மூடி எங்க?" என்றாள் அம்மணி.

"இத்தப் பாரு. டேலியா."

"இத்த மேல வச்சு மூடிக்கினு சட்னி அரைக்கிறதா?"

சவுரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து, பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒப்பித்தார். பச்சப் புள்ளயாட்டம். பக்கத்திலேயே குந்தணும். கிறிஸ்மஸ் சமயத்தில் நகரவே கூடாது. "அதனால அம்மணி, மனசக் கல்லாக்கிக்கினு சொல்றேன். இந்த வருசம் மறைமலை நகருக்கு நீ மட்டும் போய்ட்டு வா. யாராச்சும் ஒருத்தர் இதுங்கள பாத்துக்கணும் இல்ல."

அம்மணி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானை வாய்க்குப் போனது. தோள் ரெண்டும் குலுங்கின. சவுரிமுத்துவுக்கே பாவமாகப் போய்விட்டது.

"அழாத அம்மணி."

"செடி உசுரோட இருந்தாப் பாக்கலாங்க," என்றாள் அவள், திரும்பாமலே.

இவர் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். ஓகோ, செடி செத்தால் வண்டியேற்றிவிடுவாள். அப்படியென்றால் செடி சாகக் கூடாது.

அங்கே பிடித்தது சனி. பூவைத் தலையில் வைக்கிறதா, மாலையில் கட்டுகிறதா என்றுகூட அதுவரை யோசிக்காத மனுஷன், ஒரு கிழங்குச் செடிக்குத் தாயானார்.

மழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தானே. ஒரு புயல் சின்னம் கரையேறுவதற்குள் அடுத்த சின்னம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே லீவு அலுத்துப்போனது. முடிச்சூர் ரோட்டில் பஸ் போனால் அலை வந்து வீட்டு கேட்டைத் தட்டியது. துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, அப்பளம் பொரித்த கையோடு வதங்கியது. இதில் ஈரம் ஆகாத செடி ஒன்றுக்கு நாலு.

மொட்டை மாடியில் வைத்தார், மழை. மாடிப்படிக்குக் கீழே தூக்கி வந்தார், சாரல். கூடத்துக்குக் கொண்டுபோனார், வெளிச்சம் இல்லாமல் செடி கழுத்தை நீட்டிக்கொண்டு ஜன்னலைத் தேடியது. மழை விட்டால் மாடிக்கு, தூறினால் கீழே. லேத்துப் பட்டறையில்கூட அவர் இத்தனை சாமான் தூக்கினதில்லை. கால் விரலுக்கு நடுவில் சேற்றுப்புண். இடுப்பு, தனி ஆளாக முனக ஆரம்பித்தது. கூடத்திலிருந்த டேபிள் ஃபேன் அம்மணி பக்கமிருந்து தொட்டிப் பக்கம் திரும்பியது, மண் காய.

அப்படியும் ரெண்டு செடி அடியோடு அழுகிப்போயின. மூன்றாவது, காலையில் பார்த்தால் தண்டு மட்டும் நிற்கிறது. இலையெல்லாம் நத்தை தின்றுவிட்டது. கடைசி ஒன்றை வாசல் பக்கம் வைத்து, வெளிச்சமும் வேண்டும் மழையும் கூடாது என்று, அவரே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடை செடிக்கு. மழை அவருக்கு.

தெருவில் முழங்கால் தண்ணீரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன பால்கார மெர்வின் கேட்டான்: "இன்னா அண்ணா, செடிக்குக் கொடயா? அதுக்கு ஜலதோசமா?"

"போடா, உன் வேலயப் பாத்துக்கினு."

"எனக்கு வேல கீது அண்ணா. உனக்குத்தான் பேஜாரு."

இத்தனை அவதியிலும் சவுரிமுத்துவுக்கு அம்மணி மேல் ஒரு கண். செடி செத்தால் அவளுக்குத்தானே லாபம்? ஒருநாள் மத்தியானம் டீ குடித்துவிட்டு வந்தால், அம்மணி தொட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். கையில் கத்தி.

"அம்மணி! இன்னா பண்ற?"

"நத்தைங்க. ஒண்ணொண்ணாத் தள்ளி உப்புத் தண்ணில போடறேன்."

பக்கத்தில் பிளாஸ்டிக் மக்கு. மக்கில் நத்தை. ஆனாலும் இவர் நம்பவில்லை. போலீஸைப் பார்த்ததும் திருடன் தெருவைப் பெருக்குகிற மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தொட்டியைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் வந்தது. செடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மொட்டும் வந்தது. சவுரிமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜெயித்தாச்சு. இனி மறைமலை நகர் இல்லை, டைல்ஸ் இல்லை, ரோபோ இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை, குளித்துக்கொண்டிருந்தார். குளியலறை ஜன்னல் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தபடி இருக்கும். பக்கத்து வீடு ஞானாம்பாள் மாமியுடையது. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். மதிலுக்கு இந்தப் பக்கம் அம்மணி, அந்தப் பக்கம் மாமி.

"ஏண்டி அம்மணி, பண்டிகையும் அதுவுமா அவரை விட்டுட்டுப் போறியே, நோக்கு வருத்தமா இல்லையா?"

"வருத்தமா? மாமி, நான் அங்க போனாலும் டூட்டிதான். தம்பி பொண்டாட்டி ஜான்சி நல்ல பொண்ணு, 'அண்ணி, நீங்க குந்துங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லும். குந்துவேன். ஒடனே இவரு, 'அம்மணி, என் துண்டு எங்க?' 'அம்மணி, வென்னீர்ல சூடே இல்ல.' 'அம்மணி, கழுத்து புடிச்சுக்கிச்சு, தைலம் தேய்.' எல்லாரும் கூடத்துல கேரம் ஆடிக்கினுகீறாங்க, நான் ரூமுல தைலம் தேச்சுக்கினுகீறேன்."

"நீ கேரம் ஆடுவியா?"

"இன்னா மாமி இப்படிக் கேட்டுட்டீங்க! கல்யாணத்துக்கு முன்ன எங்க தெருவுல செவப்புக் காய நான்தான் போடுவேன். ஜெபகுமார் அழுவான்." அம்மணியின் குரலில் ஒரு சிரிப்பு. சவுரிமுத்து அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப காலமாகியிருந்தது. "இந்த வருசம்தான் மாமி, நான் பொறந்த வூட்டுக்குப் போறாப்புல போறேன். அவரு நாலு செடியத் தூக்கினு வந்து நின்னு, 'மனசக் கல்லாக்கிக்கினு சொல்றேன்'னாரு பாரு, எனக்குச் சிரிப்பு பொத்துக்கினு வந்துச்சு, சுவத்துப் பக்கம் திரும்பிக்கினேன். அந்தச் செடி பொழைக்கணும்னு அந்தோனியாருக்கு மெழுகுவத்தி வேண்டிக்கினுகீறேன்."

சவுரிமுத்து தலையில் சோப்போடு நின்றார். கண் எரிந்தது. சோப்புதான் என்று வைத்துக்கொள்வோம்.

இத்தனை வருஷமாகத் தான்தான் தப்பிக்கப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். தனக்கு முன்னால் இன்னொருத்தி ஓடிக்கொண்டிருக்கிறாள், அதுவும் தன்னிடமிருந்து என்று இப்போதுதான் தெரிந்தது. துடைத்துக்கொண்டு வந்து சமையலறையில் பார்த்தார். அவருக்காக வரிசையாக எடுத்துவைத்திருந்தாள்: ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், ஒரு டப்பா பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். கிறிஸ்துமஸ் அன்றைக்குப் புளிச் சோறு. மறைமலை நகரில் ஜான்சி வாத்துக் கறி வைப்பாள், கல்கல் பொரிப்பாள், கேக்கில் முந்திரி கணக்கில்லாமல் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கேரம் பலகையைச் சுற்றி எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், இவர் இல்லாமல்.

போயே தீருவது என்று முடிவு கட்டினார். ஆனால் எந்த வாயால் சொல்வது? "செடி கெடக்கட்டும், நானும் வரேன்" என்றால், செடி வெறும் சாக்கு என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். செடி சாக வேண்டும். தானாகச் செத்த மாதிரி சாக வேண்டும்.

மறுநாள் மழை கொட்டும்போது தொட்டியைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். ஒன்றுக்கு ரெண்டு டீயாகக் குடித்து, பேப்பரில் ராசிபலன் வரைக்கும் படித்துவிட்டு வந்தால், கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு நிற்கிறாள் அம்மணி. கையில் குடை. குடை செடிக்கு.

தெருவில் மெர்வின் போய்க்கொண்டிருந்தான். "இன்னா அக்கா, இப்போ ஷிப்ட்டு மாறிடுச்சா?"

"மறந்தாப்புல வெளிய வச்சுட்டாருப்பா. வயசாவுது இல்ல."

அடுத்த நாள் மாடியில் வைத்தார். அவள் பாலித்தீன் கவரைக் கவிழ்த்து, குச்சி நட்டுக் கூடாரம் போட்டுவிட்டாள். நீர் விடுகிற சாக்கில் குடம் குடமாக ஊற்றினார். அவள் தொட்டியைச் சாய்த்து வடிய விட்டுவிட்டாள். இவர் கொல்ல அவள் பிழைக்கவைக்க, பாவம் அந்தச் செடிக்கு எந்தப் பக்கம் சாய்வது என்றே தெரியவில்லை. சவுரிமுத்துவுக்கு வளர்த்தபோது இருந்த அலுப்பைவிடச் சாகடிக்கிறது பெரிய அலுப்பாக இருந்தது.

கடைசியில் கைத்தொழில்தான் கை கொடுத்தது. ஒரு துண்டு மரத்தை எடுத்து, கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தொட்டிக்கு அடியில் இருக்கும் ஓட்டைக்கு அளவாக ஒரு தக்கை செய்தார். பட்டறையை விட்டு வந்த பிறகு அவர் செய்த ஒரே சாமான். சொட்டு ஒழுகாது. தொட்டியைத் தூக்கி அடியில் அதைச் செருகிவிட்டு, மழையில் வைத்தார். மேலே கூடாரம் வேண்டுமானால் அவள் போட்டுக்கொள்ளட்டும். அதற்குள் பெய்த மழைத் தண்ணீர் உள்ளேயே நின்றது.

ஊருக்குக் கிளம்புகிற காலை. இலையெல்லாம் கறுத்துத் தொங்கிவிட்டது. மொட்டு தலை கவிழ்ந்துவிட்டது. சவுரிமுத்து குளித்து, இஸ்திரி போட்ட பேண்ட் மாட்டி, தோளில் பையோடு வாசலில் நின்று குரல் கொடுத்தார்:

"அம்மணி! போச்சு! செடி போச்சு!"

அம்மணி ஓடி வந்தாள். செடியைப் பார்த்தாள். அப்புறம் இவரைப் பார்த்தாள்.

"எப்போ பாத்தீங்க?"

"இப்பதான். இந்த நிமிசந்தான்."

"பைய எப்போ கட்டினீங்க?"

சவுரிமுத்து யோசித்தார். "துக்கத்துல... கை தானாக் கட்டிடுச்சு. இன்னா பண்றது அம்மணி, குடுத்து வைக்கல. இனிமே எனக்கு இங்க இன்னா வேல? நானும் உங்கூடவே வந்துடறேன்."

அம்மணி தொட்டியைச் சாய்த்தாள். தண்ணீர் வரவில்லை. அடியில் கையை விட்டாள். தக்கை 'பளுக்'கென்று வந்தது. கூடவே அத்தனை நாள் தண்ணீரும், நேராக இஸ்திரி போட்ட பேண்ட்டில்.

தக்கையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல கை வேல," என்றாள். "சொட்டு ஒழுவல." அதை அவர் சட்டைப் பையில் போட்டு, ஒரு தட்டு தட்டினாள்.

அதோடு விட்டாளா? தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுக் கிளறினாள். சின்னச் சின்னதாக, விரல் விரலாகக் கிழங்கு. நகத்தால் அழுத்திப் பார்த்தாள். கல்லாட்டம் இருந்தது. அதன் தலையில் ஊதா நிறத்தில் ஒரு முளை, கடுகு அளவுக்கு.

"மாமி! இப்படிக் கொஞ்சம் பாருங்க!"

ஞானாம்பாள் மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். காத்துக்கொண்டிருந்தவள் மாதிரிதான் இருந்தது. "அட, கிழங்கு கெட்டியா இருக்கே! மேலே போனா என்ன சார்? கிழங்கு இருக்கற வரைக்கும் டேலியா சாகாது. ஆனா இப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும். காய்ஞ்ச மண்ணுல மாத்தி, அழுகறதான்னு தினம் தொட்டுத் தொட்டுப் பாக்கணும்."

"பாக்காம வுட்டுட்டு ஊருக்குப் போய்ட்டா மாமி?" என்றாள் அம்மணி.

"போச்சு!" என்றாள் மாமி, யோசிக்காமல்.

அம்மணி தொட்டியைத் தூக்கி அவர் ரெண்டு கையிலும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது? வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

"அம்மணி," என்றார் சவுரிமுத்து. குரல் கிழங்குக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. "எனக்கும் கேரம் ஆடத் தெரியும்."

அம்மணி நின்றாள். குளியலறை ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் அவளுக்கும் மனசு இளகினது போலத்தான் இருந்தது.

"தெரியாது," என்றாள், மெதுவாக. "வந்து கத்துத் தரேன்."

சொல்லிவிட்டு, அவர் தோளில் தொங்கின பையைக் கழற்றினாள். கையில் தொட்டி இருந்ததால் அவரால் பிடிக்க முடியவில்லை. உள்ளேயிருந்த கைலி, துண்டு ரெண்டையும் எடுத்து அதே தோளில் போட்டாள். தைல பாட்டிலைச் சட்டைப் பையில் தக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஜான்சி பலகாரம் குடுத்தனுப்பும், எனக்கு ஒரு பை பத்தாது," என்று காலிப் பையை நாலாக மடித்துத் தன் பைக்குள் செருகிக்கொண்டு, போய் ஆட்டோவில் ஏறி, சீட்டுக்கு நடுவில் நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.